புதன்கிழமைப் பாடம் யாருடையது

விட்பி,
11 ஏப்ரல் 2023

அன்புள்ள மிஸ் பக்கிள்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். "குட்மார்னிங் சார்" என்பதற்கு மேல் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குட்மார்னிங்கைக் கேட்டாலே எனக்கு உடம்பு சில்லிட்டுப்போகும். ஏன் என்று எனக்குத் தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஜூன் இருபத்தொன்பதாம் தேதி நம் கோல்டர்பரி பள்ளிக்கு ஐந்நூறு வயது முடிகிறது. தலைமை ஆசிரியை டாக்டர் ஹெஸ்டர் மோல் எனக்கு எழுதியிருக்கிறார். உயிரோடிருக்கும் பழைய ஆசிரியர்களில் நான்தான் மூத்தவனாம். எண்பத்து மூன்று வயதுக்குப் பிறகு சாகாமல் இருப்பதே ஒரு தகுதி போலிருக்கிறது. பழைய அறையில், நிறுவனர் ஆம்ப்ரோஸ் தர்க்கெலின் படத்துக்குக் கீழே நின்று, ஒவ்வொரு நாள் பாடத்தையும் குறித்துவைக்கும் பள்ளி ஏட்டைக் கையில் ஏந்தி, எல்லோர் முன்னிலையிலும் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "ஐந்நூறு ஆண்டுகளில் ஒரு நாளும் தவறவில்லை."

அது பொய் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான், இன்னொருவர் நீங்கள்.

தர்க்கெலின் விதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணப்புக்கு மேலே கல்லில் வெட்டியிருப்பதைத் தினமும் துடைத்தவர் நீங்கள். பள்ளி நடக்கும் நாள் ஒவ்வொன்றிலும், பகல் வெளிச்சத்தில், இந்த அறையில், அறிந்த ஒருவர் அறியாத ஒருவருக்கு ஒரு பாடமாவது சொல்லித்தர வேண்டும். ஒரு கம்பளி வியாபாரி எழுதிய அந்த ஒரு வரியை நம் பள்ளி எப்படிக் காப்பாற்றியது என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. கொள்ளைநோயில் ஆசிரியர்கள் மூவரும் போய்ச்சேர்ந்த பிறகு பதினாலு வயது மாணவன் ஒருவன் தன் தம்பியை உட்காரவைத்துப் பாடம் சொன்னான். உள்நாட்டுப் போரில் குதிரைப்படை அந்த அறையைத் தொழுவமாக்கியபோது, ஆசிரியர் சாணத்துக்கு நடுவே நின்று கிரேக்கம் நடத்திவிட்டு, "குதிரைகளும் கவனித்தன" என்று ஏட்டில் எழுதிவைத்தார். குண்டு விழுந்து கூரை போன வருடம், மூன்று மாதம் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

அத்தனையும் தாண்டி வந்த வரிசையை 1963 ஜனவரி 23, புதன்கிழமை, ஆப்ரி விக்ஸ்டெட் என்ற சோம்பேறி அறுத்தான். அன்றைக்கு அந்த அறையில் பாடம் நடத்தும் முறை என்னுடையது. ஜன்னல் திரையை விலக்கினேன். பனி கீழ்வீட்டு ஜன்னல் கட்டை வரைக்கும் நின்றது. திரையை மூடிவிட்டு வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டேன். மறுநாள் ஏட்டில் பாடம் நடத்தியதாக எழுதினேன்.

நீங்கள் அன்றைக்கு அந்த அறையில் கணப்பு மூட்ட வந்திருப்பீர்கள். நான் வராதது உங்களுக்குத் தெரியும். அறுபது வருடம் வாயைத் திறக்கவில்லை. இனியும் திறக்க மாட்டேன் என்று ஒரு வரி எழுதினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்படிக்கு,
ஆப்ரி விக்ஸ்டெட்


கோல்டர்பரி,
17 ஏப்ரல் 2023

விக்ஸ்டெட் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல தடித்த தாளாக வாங்கியிருக்கிறீர்கள்.

அந்தப் பனி எனக்கும் சேர்த்துத்தான் பெய்தது சார். நீங்கள் இருந்தது குன்றின் அடியில், ஹோப்பர் அம்மாள் வீட்டு மாடியில். அங்கிருந்து பள்ளிக்கு ஒரே ஏற்றம், பத்து நிமிட நடை. நான் இருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், என் அப்பாவோடு. பாலத்தில் பனி இடுப்பளவு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, காலில் அண்ணனின் ரப்பர் பூட்ஸ், உள்ளே திணித்த செய்தித்தாள். குன்றோரத்து இரும்புக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். கையுறை இரும்பில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. உங்கள் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் போனேன். திரை மூடியிருந்ததையும் பார்த்தேன்.

பள்ளியின் பெருமையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறீர்களே, அது ஒன்றுதான் குறைச்சல். அந்த ஏடுகளை நாற்பத்தொரு வருடம் தூசி தட்டியவள் நான். குதிரை கவனித்த பக்கம் எந்த ஏட்டில் எத்தனையாவது தாள் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொடுப்பேன். உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் பலபேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

நீங்கள் வராததற்காக எனக்குக் கோபம் என்றா நினைத்தீர்கள்? இருபத்து மூன்று வயதுப் பிள்ளை அந்தக் குளிரில் போர்வையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் அதில் கோபப்பட என்ன இருக்கிறது? என் அண்ணனும் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. என் கோபம் மறுநாள் வியாழக்கிழமைக் காலையைப் பற்றியது. யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட வரியை நான் எழுதித் தரப்போவதில்லை.

ஈடித் பக்கிள்


விட்பி,
24 ஏப்ரல் 2023

அன்புள்ள மிஸ் பக்கிள்,

நன்றாகக் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமைக் காலை. யோசித்தேன். அன்று ஆறரை மணிக்கே அறைக்கு வந்தேன். ஏட்டில் முந்தின நாள் பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்தேன். "சிசரோ. மாணவர் மூவர். ஆ. வி." என்று லத்தீன் பாடம் நடந்ததாக எழுதினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பிறகு தலைமை ஆசிரியர் மேஜர் ட்ரெஞ்ச் அறைக்குப் போனேன். அவர் ஏட்டை அதற்குள் பார்த்துவிட்டார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பலே விக்ஸ்டெட்! அந்தப் பனியில ஏறி வந்தியா! நீ நம்ம ஆள்யா!" என்றார். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து என்ன வரும், சொல்லுங்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் கதை பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் பிடித்து ஏறினீர்களே, அந்தக் கைப்பிடிக்கு விக்ஸ்டெட் கைப்பிடி என்று பெயர் வைத்தார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளை அதைத் தொட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். அறுபது வருடமாக என் கௌரவம் முழுவதும் அந்த ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. நீங்கள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே "குட்மார்னிங் சார்" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

என் பெயர் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாட்களை எண்ணி நடைக்கூடத்தில் படம் ஒட்டியிருக்கிறார்களாம், மோல் அம்மையார் எழுதியிருந்தார். தங்களுக்கு முன்னால் யாரும் தவறவிடாததைத் தாங்களும் தவறவிடக் கூடாது என்ற நினைப்பில்தான் அங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்த நினைப்பு என்னை ஒரு நல்ல ஆசிரியனாக்கியது. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு வகுப்புக்கும் நான் ஒரு நிமிடம் தாமதமாகப் போனதில்லை. வரிசை அறுந்துவிட்டது என்று அறுநூறு பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மே பதினொன்றாம் தேதி ரயிலேறி வந்து மோல் அம்மையாரிடம் நேரிலேயே சொல்லிவிடப்போகிறேன்.

ஆப்ரி விக்ஸ்டெட்


கோல்டர்பரி,
2 மே 2023

விக்ஸ்டெட் சாருக்கு,

நீங்கள் ரயிலேறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். உங்களை இன்னும் கொஞ்ச நாள் தவிக்கவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பிள்ளைகள் ஒட்டிய படத்தைப் பற்றி எழுதினீர்களே, அதற்குப் பிறகு மனசு கேட்கவில்லை.

வரிசை அறுந்துபோகவில்லை சார். அன்றைக்குப் பாடம் நடந்தது.

ஏழு மணிக்குக் கணப்பை மூட்டிவிட்டேன். ஒன்பது மணிக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். ஈ காக்கைகூட வரவில்லை. பத்து மணிக்குப் புகைபோக்கியிலிருந்து ஒரு கூடைப் பனி பொத்தென்று விழுந்து நெருப்பு அணைந்தது. திட்டிக்கொண்டே ஈரக் கரியை வாரிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் சத்தம். மேலே, நோய் வந்த பிள்ளைகளை மேட்ரன் தங்கவைத்துப் பார்க்கும் நோயாளி அறையிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்தான். லயனல் காட்ச்போல், பதினோரு வயது. பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பிக் கிடந்தன. மேலே கம்பளியைச் சுற்றியிருந்தான், காலில் ஒன்றும் இல்லை.

"சார் வரலையா பக்கிள்?"

"வரலை. நீ எதுக்குக் கீழே வந்தே? மேட்ரன் பார்த்தா உன்னையும் தொலைச்சு என்னையும் தொலைச்சிடுவாங்க. ஓடு மேலே."

"மணி பத்தரை ஆச்சு. ஏட்டுல இன்னிக்குப் பக்கம் வெறுமையா இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். உனக்கென்ன வந்தது?"

அவ்வளவுதான் கேட்டேன். அவன் முகம் கோணிக்கொண்டது. "குதிரை நின்னப்பவே பாடம் நடந்துச்சு. குண்டு விழுந்தப்பவும் நடந்துச்சு. போயும் போயும் பனிக்கா நிக்கணும்?" என்று விசும்பினான். அந்த உப்பின கன்னத்தில் கண்ணீர் ஓடியதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அழாதடா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவன் கல்லில் வெட்டிய எழுத்தை அண்ணாந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "எனக்குத் தெரியாதது ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பள்ளியில் ஒரு பையன் என்னை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கு என்ன தெரியும்? இந்தக் கணப்பை மூட்டத் தெரியும்."

"எனக்குத் தெரியாது. சொல்லிக்குடுங்க."

சொல்லிவிட்டு நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். "அங்கே உட்கார்ந்தா நெருப்பு பத்தாது, இங்கே வந்து முட்டி போடு" என்றேன். வந்தான். நான் சொல்லிக்கொடுத்தேன். புகைபோக்கி குளிர்ந்து கிடந்தால் புகை அறைக்குள்ளேதான் திரும்பும். அதனால் முதலில் ஒரு காகிதத்தைக் கொளுத்தி உள்ளே மேலே தூக்கிக் காட்டி அதைச் சூடாக்க வேண்டும். செய்தித்தாளைப் பரப்பிப் போட்டால் புஸ்ஸென்று போய்விடும். முறுக்கி முடிச்சுப் போட்டால் நின்று எரியும். சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும், நெருப்பு மூச்சுவிட இடம் வேண்டும். கரியைக் கொட்டக் கூடாது, ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். முதல் தடவை அணைந்தது. "ஏன் அணைஞ்சது சொல்லு" என்றேன். அவனே கண்டுபிடித்தான். இரண்டாம் தடவையும் அணைந்தது. மூன்றாவது தடவை பற்றிக்கொண்டது. அவன் குதித்த குதியில் கம்பளி நழுவி விழுந்தது. கையெல்லாம், சட்டையெல்லாம் கரி.

பிறகு ஓடிப்போய்ப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "கையெழுத்துப் போடுங்க மிஸ்."

நான் போடவில்லை. வேலைக்காரப் பெண் அந்த ஏட்டைத் தொடலாம், துடைக்கலாம், எழுதலாமா? அன்றைக்கே என் வேலை போயிருக்கும். அவனும் படுக்கையை விட்டு எழுந்ததற்கு வாங்கிக் கட்டிக்கொள்வான். "யார்கிட்டயும் மூச்சுவிடாதே. விக்ஸ்டெட் சார் நல்லவரு. நாளைக்கு வருவாரு. நான் அவர்கிட்ட சொல்றேன், அவரே எழுதிடுவாரு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மேலே அனுப்பினேன்.

வியாழக்கிழமைக் காலை உங்களிடம் சொல்லலாம் என்றுதான் வந்தேன் சார். எப்படி ஆரம்பிப்பது என்று பாலம் முழுக்கச் சொல்லிப்பார்த்துக்கொண்டே நடந்தேன். நீங்கள் எனக்கு முன்னாலேயே வந்து கணப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தீர்கள். முந்தின நாள் நான் மூடிவைத்த கங்கைக் கிளறிவிட்டிருந்தீர்கள். ஏடு திறந்திருந்தது. சிசரோ, மாணவர் மூவர். மை இன்னும் காயவில்லை. நீங்கள் என்னைப் பார்த்து, "நெருப்பு நல்லா நின்னு எரியுது பக்கிள்" என்றீர்கள்.

நான் "குட்மார்னிங் சார்" என்றேன்.

பாடத்துக்கு வராமல் போனவரை மன்னித்துவிடலாம். என் பாடத்தை எடுத்துக்கொண்டு போனீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் வாழ்நாளில் நான் நடத்தியது அந்த ஒரே ஒரு பாடம்தான்.

லயனல் பிறகு கப்பல் என்ஜினியர் ஆனான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "மிஸ் பக்கிளுக்கு, மாணவன் காட்ச்போல்" என்று வாழ்த்து அனுப்புவான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனான். கடைசிவரை வாக்கைக் காப்பாற்றினான்.

ஈடித் பக்கிள்


விட்பி மருத்துவமனை,
15 மே 2023

அன்புள்ள மிஸ் பக்கிள்,

இதைப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் தேதி கிளம்பினேன். ரயில் நிலையப் படியில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. இந்தத் தடவையும் நான் குன்றேறி வரவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் கிளம்பினேன், அதற்குச் சாட்சியாகக் கையில் டிக்கெட் இருக்கிறது.

தபாலில் தாமதமாகி, நான் விழுந்த பிறகே வந்து சேர்ந்த உங்கள் கடிதத்தை நர்ஸ் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். இரண்டாவது தடவை அவளும் அழுதாள். நான் முதல் தடவையே அழுதுவிட்டேன்.

நான் ஒரு வெற்றுப் பக்கத்தை நிரப்பியதாகத்தான் அறுபது வருடமும் நினைத்திருந்தேன். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொள்ளைநோயில் ஒரு மாணவன் பாடம் சொன்னான் என்று பெருமையாக உங்களுக்கே எழுதிய மடையன் நான். அந்த அறையில் உங்களுக்குப் பாடம் சொல்லத் தெரியும் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பொய்யைவிட எனக்கு இப்போது வெட்கமாக இருப்பது அதுதான்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்தது நடந்தபடி, பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறேன். ஜூன் இருபத்தொன்பதாம் தேதி என் இடத்தில் நின்று அதை நீங்கள் வாசிக்க வேண்டும். மோல் அம்மையாருக்கும் எழுதிவிட்டேன். மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கிறேன்.

ஆப்ரி விக்ஸ்டெட்


கோல்டர்பரி,
6 ஜூன் 2023

விக்ஸ்டெட் சாருக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? வலியை மறைத்துக்கொண்டு வீரம் காட்டாமல் நர்ஸ் சொன்னபடி கேளுங்கள்.

மோல் அம்மா என்னைக் கூப்பிட்டு விட்டார். டீயும் கேக்கும் கொடுத்து உட்காரவைத்தார். பழைய அறைப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நான் டீ குடித்தது இதுதான் முதல் தடவை. ஆட்சிக்குழுத் தலைவரும் வந்திருந்தார். அவருக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை.

"அறுபது வருஷமா அடங்கிக் கிடக்கிறதை எதுக்கு இப்ப கிளறணும்? அதுவுமில்லாம, கணப்பு மூட்டறதெல்லாம் ஒரு பாடமா? இப்படியே போனா தரை துடைக்கறதும் பாடம்பாங்க."

மோல் அம்மா சிரித்த முகம் மாறாமல், "தர்க்கெல் எழுதினதை இன்னொரு தடவை படிங்க சார். அதுல லத்தீன்னு எங்கேயாவது இருக்கா? ஆசிரியர்னாவது இருக்கா? அறிந்தவர்னுதானே இருக்கு?" என்றார். நானூறு வருடத்துக்கு மேல் ஆண்களே உட்கார்ந்த நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற அழகே தனி.

"இதுக்கு ஆதாரம்?" என்றார் தலைவர். லயனல் இல்லை. என் வார்த்தையைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? மோல் அம்மா மேசை இழுப்பறையைத் திறந்தார். ஏட்டறையில் நாலு நாள் தேடி எடுத்தாராம், மேட்ரன் கிரைஸின் நோயாளிப் பதிவேடு. புதன், ஜனவரி 23. "காட்ச்போல்: வீக்கம் குறைவு. கையும் சட்டையும் முழுக்கக் கரி. எவ்வளவு விசாரித்தும் வாயைத் திறக்கவில்லை. இன்று புட்டிங் கிடையாது."

எனக்காக அந்தப் பிள்ளை புட்டிங்கை இழந்திருக்கிறான் சார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் டீக்கோப்பையை வைத்துவிட்டு அங்கேயே அழுதேன்.

ஆனால் வாசிக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேர் முன்னால் நின்று எனக்குப் பழக்கமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தாளைப் படித்தேன். உங்களைப் பற்றி நீங்களே எழுதியிருப்பதை என் வாயால் வாசித்தால், எண்பத்து மூன்று வயது மனுஷனைக் கூட்டத்தில் வைத்து அடிப்பது போலாகும். அறுபது வருடம் ஆசைப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கையில் கிடைத்த பிறகு பிடிக்கவில்லை.

ஈடித் பக்கிள்


விட்பி,
12 ஜூன் 2023

அன்புள்ள மிஸ் பக்கிள்,

என் மேல் இரக்கப்பட்டு அந்தத் தாளை மடித்து வைத்தீர்கள் என்றால், இரண்டாவது தடவையும் அந்தப் பாடம் என் பெயரிலேயே போய்விடும். தயவுசெய்து அந்தப் பாவத்தை என் தலையில் ஏற்றாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், ஆசிரியனாக இருந்தவனின் அனுபவம். முதல் வரி வாசிக்கும்போதுதான் குரல் நடுங்கும். பின் வரிசையில் யாராவது ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வாசியுங்கள்.

ஆப்ரி விக்ஸ்டெட்


கோல்டர்பரி,
30 ஜூன் 2023

விக்ஸ்டெட் சாருக்கு,

வாசித்தேன்.

பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பழைய அறையில் இருநூறு பிள்ளைகள், மற்றவர்கள் எல்லாம் முற்றத்தில், ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஐந்நூறு வருடத்து ஏடுகளையும் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். அடடா, அந்தத் தோல் அட்டைகளை ஒன்றாகப் பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. என் கையால் துடைத்தவைதான், ஆனால் அப்படி ஒரே வரிசையில் நான் பார்த்ததில்லை. மோல் அம்மா என் பெயரைச் சொன்னார். எழுந்து போய் நின்றேன். நீங்கள் சொன்னபடி பின் வரிசையில் ஒரு பிள்ளையைத் தேடினேன். எனக்குப் பின் வரிசை தெரியவில்லை, கண்ணாடி போதாது. அதனால் முதல் பெஞ்சில் இருந்த ஒரு சின்னப் பெண்ணையே பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

"நான் பனியில் ஏறி வரவில்லை. படுத்துத் தூங்கினேன்" என்ற வரி வந்தது. அந்தச் சின்னப் பெண்ணுக்கு உதடு பிதுங்கியது. அவளுக்குப் பொறுக்க முடியாமல் உரக்கவே கேட்டுவிட்டாள், "அப்போ அன்னிக்கு விட்டுப்போச்சா?" என்று.

"விட்டுப்போகலைம்மா. கேளு" என்றேன். தாளை மடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தாள் தேவைப்படவில்லை சார். புகைபோக்கியிலிருந்து விழுந்த பனி, லயனலின் கன்னம், இரண்டு தடவை அணைந்தது, எல்லாம் சொன்னேன். காகிதத்தை எப்படி முறுக்குவது என்று நிகழ்ச்சிநிரல் தாளிலேயே செய்து காட்டினேன். திரும்பிப் பார்த்தால் இருநூறு பிள்ளைகளும் ஆளுக்கொரு தாளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்சிக்குழுத் தலைவரும் முறுக்கினார், ஆனால் அவருக்கு முடிச்சு சரியாக விழவில்லை.

புட்டிங் விஷயத்தை மோல் அம்மா வாசித்ததும் அந்த அறையே உச்சுக்கொட்டியது.

பிறகு 1963-இன் ஏட்டைத் திறந்து என் முன்னால் வைத்து, பேனாவைக் கொடுத்தார். உங்கள் வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். அழுத்தித்தான் போட்டேன். உங்களிடம் மறைப்பானேன், இதமாக இருந்தது. அதன் கீழே எழுதினேன்: கணப்பு மூட்டுதல். மாணவர், லயனல் காட்ச்போல். ஈடித் பக்கிள்.

கைப்பிடியின் பெயரை மாற்றலாமா என்று மோல் அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். இடுப்பு தேறியதும் ஒரு நாள் வந்து அதைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். நான் மேலே நிற்கிறேன். ஏறிவிட்டால் பெயர் பொருந்திவிடும்.

உங்கள் மேல் இனி எனக்குக் கோபம் இல்லை. எழுதிவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்பச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எழுதி முடித்ததும் எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தேன். உங்களுக்குத் தெரியும், அந்த அறையில் ஆசிரியர் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். நாற்பத்தொரு வருடம் அந்தக் கதவு வழியாகக் கரிவாளியைத் தூக்கிக்கொண்டு போய்வந்தவள் நான். ஒரு பெஞ்சும் அசைந்ததில்லை. அதில் தப்பொன்றும் இல்லை, வழக்கம் அப்படி. நேற்றுப் பாதி தூரம் போவதற்குள் பின்னால் அத்தனை பெஞ்சும் ஒரே நேரத்தில் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் நான் சட்டென்று சுவரோரம் ஒதுங்கி, எந்த ஆசிரியர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை சார்.

ஈடித் பக்கிள்